சேர்ந்து பாடும் குரலுக்குப் பலம் அதிகம்

(கூட்டமைப்பின் பொதுக்குழுவில் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)



எனக்குக் கொடுத்திருக்கிற தலைப்பு ‘கலையும் மகளிரும்’. நான் படிச்ச பாடகி இல்லை. நம்ம குழுக் கூட்டத்துல உறுதிமொழி முடிஞ்சதும் முதல் பாட்டை எடுத்துக் கொடுக்கிறவ, அவ்வளவுதான். அதனால கலையைப் பத்திப் பொதுவாப் பேசாம, ஒரே ஒரு பாட்டுக் குழுவைப் பத்தி மட்டும் சொல்றேன். அந்தக் குழு இருக்கிறது ரொம்பத் தூரத்துல, பனி கொட்டுற பின்லாந்து நாட்டுல. ஆனா அவங்க கதையைக் கேட்டா, நம்ம பஞ்சாயத்துல நடந்த மாதிரியே இருக்கும்.

அந்தக் குழுவின் பெயர் வார்த்தினா. அவங்க மொழியில அதுக்கு நூல் நூற்கிற தக்ளின்னு அர்த்தம். இங்கே இருக்கிற மூத்தவங்க பள்ளிக்கூடத்துல தக்ளி சுத்தியிருப்பீங்க. பஞ்சு தனித்தனியா இருந்தா ஊதினாலே பறக்கும். அதை முறுக்கி நூலாக்கினா சேலையே நெய்யலாம். ஒரு பெண்கள் பாட்டுக் குழுவுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைக்காது.

1983ஆம் ஆண்டு, பின்லாந்தின் கிழக்கே கரேலியாப் பகுதியில், ராக்குலா என்ற சின்ன ஊரில் இந்தக் குழு தொடங்கியது. சாரி காசினென், மரி காசினென் என்ற சகோதரிகள்தான் தொடக்கம். ஊர்ப் பிள்ளைகள் ஒவ்வொருத்தராகச் சேர்ந்து 21 பேர் வரைக்கும் ஆனார்கள். அவங்க எடுத்துப் பாடியது சினிமாப் பாட்டு இல்லை. பாட்டிமார் பாடிய பழைய பாட்டுகள். கூடவே காந்தெலே என்ற, மடியில வச்சு மீட்டுற அந்த ஊர் நரம்புக் கருவி.

அந்தப் பழைய பாட்டுகள் எதைப் பத்தினது தெரியுமா? பிறந்த வீட்டை விட்டுப் போகிற பொண்ணு அழுகிற அழுகை. மாமியார் வீட்டுல மருமகள் படுற பாடு. குடிச்சுட்டு வர்ற புருஷன். மனசுக்குப் பிடிச்சவன் கிடைக்காத ஏக்கம். நடுவுல ஆம்பளைகளைக் கிண்டல் பண்ற பாட்டும் உண்டு. நேருக்கு நேரா நின்னு சொல்ல முடியாததை எல்லாம் பாட்டுல சொல்லிட்டாங்க. நம்ம தாலாட்டும் ஒப்பாரியும் அதே வேலையைத்தானே செய்யுது?

பாடுற முறையையும் சொல்லணும். அந்தப் பக்கத்துப் பெண்களின் பழைய வழக்கத்துல ஒருத்தி ஒரு வரியை எடுத்துக் கொடுப்பா. அந்த வரி முடியுறதுக்கு முன்னாடியே, கடைசி அசையில மத்தவங்க வந்து சேர்ந்து, அதைத் திருப்பிப் பாடுவாங்க. அவங்க பாடுற நேரத்துல முதல் ஆள் மூச்சு வாங்கிக்குவா. இப்படி மாத்தி மாத்தி வாங்கிக்கிறதால பாட்டு எங்கேயும் அறுந்து போகாது. நடவு வயல்ல நாம பாடுறதை நினைச்சுப் பாருங்க. ஒருத்திக்கு இருமல் வந்தாலும் பாட்டு நிக்குமா? பக்கத்துல இருக்கிறவ தாங்கிக்குவா.

வார்த்தினா இந்தப் பழைய முறையை அப்படியே வச்சுக்கலை. குரலைக் குழைக்காம, தொண்டையைத் திறந்து, வயக்காட்டுல கூப்பிடுற மாதிரி பலமாப் பாடுறாங்க. எல்லாரும் ஒரே சுரத்துல நிக்காம, ஒருத்தர் குரலுக்கு ரொம்பக் கிட்டத்துல இன்னொருத்தர் குரலை வச்சுப் பாடுறாங்க. அந்த உரசல்ல கேட்கிறவங்களுக்கு உடம்பு சிலிர்க்கும். தாளமும் நமக்குப் பழகின ரெண்டு, நாலு மட்டும் இல்லை. அஞ்சு அஞ்சா எண்ணித் தட்டுற தாளமும் வரும். அக்கார்டியன், வயலின், கிட்டார், சாக்ஸபோன்னு புதுக் கருவிகளையும் சேர்த்தாங்க. பழைய வரிகளோட சொந்தமாவும் எழுதினாங்க. என் மகள் செல்போன்ல முதல் தடவை போட்டுக் காட்டினப்ப எனக்கு ஒரு வார்த்தை புரியலை. ஆனா அது சிரிப்பா கோபமான்னு குரலை வச்சே தெரிஞ்சுது.

நடுவுல அவங்களுக்கும் சோதனை வந்தது. பிள்ளைகள் வளர்ந்தாங்க, 1990 வாக்கில் பெரும்பாலானவர்கள் குழுவை விட்டு விலகினார்கள். மிச்சம் இருந்தவங்க கைவிடலை. ஹெல்சிங்கி நகரத்துக்குப் போய், அங்கே சிபெலியஸ் இசைக்கழகத்துல படிச்சவங்களைச் சேர்த்துக்கிட்டு, சின்னக் குழுவா மறுபடி ஆரம்பிச்சாங்க. 1991ல ‘ஓய் தாய்’ என்ற இசைத்தட்டும், அடுத்த வருஷம் ‘செலெனிக்கோ’ என்ற இசைத்தட்டும் வந்தன. நாடே திரும்பிப் பார்த்தது, வெளிநாடுகளும் கூப்பிட்டன. தொடங்கி வச்ச சாரி 1996ல விலகினார். அப்பவும் குழு நிக்கலை. மரியும் மத்தவங்களும் தொடர்ந்து நடத்தினார்கள்.

இதைக் கொஞ்சம் யோசிங்க. நம்ம கூட்டமைப்புலயும் குழுக்கள் உடையுது. ஊக்குநர் கல்யாணமாகி வெளியூர் போயிட்டா நோட்டு எழுத ஆள் இல்லைன்னு குழுவையே மூடிடறோம். ஒரே ஆளோட தொண்டையை நம்பின பாட்டும், ஒரே ஆளோட கையெழுத்தை நம்பின குழுவும் ஒண்ணுதான். எடுத்துக் கொடுக்கிற வேலையை நாலு பேருக்குப் பழக்கி வைக்கணும்.

நமக்குப் பெருமையான செய்தியும் ஒண்ணு இருக்கு. 2006ல கனடாவின் டொரண்டோ நகரில் ‘லார்ட் ஆஃப் த ரிங்ஸ்’ கதையை மேடை இசை நாடகமாகப் போட்டபோது, அதற்கு இசையமைத்தவர்கள் நம்ம ஏ.ஆர்.ரகுமானும் இந்த வார்த்தினாவும். கிறிஸ்டோபர் நைட்டிங்கேலும் கூட இருந்தார். 2007ல லண்டனிலும் அது அரங்கேறியது. சின்ன ஊரில் பாட்டிமார் பாட்டோடு தொடங்கிய குழு அவ்வளவு தூரம் போனது.

இப்ப நான் சொல்ல வந்த முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். வார்த்தினாவுக்கு நூறு வருஷத்துக்கு முன்னாடி, அதே கரேலியாவை ஒட்டிய இங்கிரியாப் பகுதியில் லாரின் பரஸ்கே என்று ஒரு அம்மா இருந்தார். 1833ல பிறந்தவர். ஏழை, கணவரை இழந்து குடும்பத்தைச் சுமந்தவர். அவர் மனப்பாடமாகப் பாடியதைப் பக்கத்துல உக்காந்து எழுதி எடுத்தாங்க. சுமார் 32,000 வரிகள்! சிபெலியஸ் என்ற பெரிய இசைமேதையே நேரில் வந்து அவர் பாட்டைக் கேட்டார். ஓவியர்கள் அவரைப் படமாக வரைந்தார்கள். பின்னாளில் ஹெல்சிங்கியில் அவருக்குச் சிலையும் வைத்தார்கள். ஆனா 1904ல அந்த அம்மா இறந்தது வறுமையில்தான். பாட்டுக்கு மரியாதை கிடைச்சது. பாடின வயித்துக்குச் சோறு கிடைக்கலை.

இது அந்த ஊர்க் கதை மட்டும் இல்லை. நம்ம கூட்டமைப்புல ஒரு மூத்த அக்கா இருக்காங்க. கூச்சப்படுவாங்க, பேர் சொல்லலை. அவங்க பாடின நடவுப் பாட்டு நாலையும் ஒருத்தர் வந்து செல்போன்ல பதிவு பண்ணிட்டுப் போனார். பிறகு அது வீடியோவா வந்தது. அதுல அக்கா பேரும் இல்லை, ஊர் பேரும் இல்லை. அக்கா கேட்டது ஒரே கேள்வி: “அது என் அம்மா பாட்டு தாயி, அவ பேரையாவது போட்டிருக்கக் கூடாதா?” எனக்குப் பதில் சொல்லத் தெரியலை.

அதனாலதான் இந்தப் பொதுக்குழு முன்னாடி மூணு கோரிக்கை வைக்கிறேன்.

ஒண்ணு. ஒவ்வொரு குழுவும் தங்கள் ஊர் மூத்தவங்க பாட்டைத் தீர்மான நோட்டு மாதிரி ஒரு தனி நோட்டுல எழுதி வைக்கணும். பாடினவங்க பேர், அவங்க யார்கிட்ட கத்துக்கிட்டாங்க, ஊர், தேதி நாலும் இருக்கணும்.

ரெண்டு. வெளியாள் பதிவு பண்ண வந்தா, பாடுறவங்க சம்மதமும் குழுவின் தீர்மானமும் வேணும். பேர் போடணும். காசு வந்தா பாடினவங்க கணக்குல பங்கு வரணும்.

மூணு. அடுத்த ஆண்டு விழாவுக்கு வெளியிலிருந்து பாட்டுக் கச்சேரி வைக்கிற பணத்துல பாதியை நம்ம பெண்கள் பாட்டுக் குழுவுக்குக் கொடுங்க. ஒத்திகைக்கு வர்ற நாளுக்கு அவங்களுக்குக் கூலி போகுது, அதை ஈடுகட்டணும்.

“பாட்டு சோறு போடுமா, கடன் அடைக்குமா?” என்று சிலர் கேட்பீங்க. நியாயமான கேள்விதான். நான் சேமிப்புப் பணத்தையோ சுழல்நிதியையோ தொடச் சொல்லலை. நாம எல்லாரும் வார்த்தினா மாதிரி உலகம் சுத்தணும்னும் சொல்லலை. ஆனா வங்கி மேலாளர் முன்னாடி, கிராம சபையில, எழுந்து நின்னு பேசறதுக்கு இன்னைக்கும் நம்மில் பாதிப் பேருக்குத் தொண்டை அடைக்குது. தனியாப் பேச வராதவ கூட்டத்தோட பாடுவா. பாடிப் பழகின தொண்டை ஒருநாள் தனியாவும் பேசும். இதை நான் என் குழுவுலயே பார்த்திருக்கேன்.

எழுபது, எண்பது வயசுல இருக்கிற நம்ம ஆத்தாமார் இன்னும் எத்தனை நாள் இருப்பாங்கன்னு யாருக்கும் தெரியாது. நோட்டை அடுத்த மாசக் கூட்டத்துலயே ஆரம்பிக்கணும்னு கேட்டுக்கிறேன். தீர்மானத்தை முன்மொழிகிறேன், வழிமொழிய ஒரு தங்கச்சி எழுந்திருங்க.