மாத்திரையும் பேச்சும்



ராமநாதபுரம் மாவட்டத்தில், தொண்டிக்குத் தெற்கே, பாக் விரிகுடாவை ஒட்டி இருக்கிறது காரங்காடு. அலையாத்திக் காட்டால் பெயர் வாங்கிய மீனவ ஊர். வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து நடத்தும் படகுச் சவாரிக்காக விடுமுறை நாட்களில் வெளியூர்க்காரர்கள் வருவார்கள். அவர்கள் போன பிறகும் அங்கே தொடர்வது வேறொரு வாழ்க்கை: நண்டும் இறாலும், வலைக்கு வாங்கிய கடன், பாடு கிடைக்காத நாட்கள், கடலுக்குப் போனவர் கரை திரும்பும்வரை வீட்டில் இருப்பவர்களின் பதைப்பு.

இதுபோன்ற கடற்கரை ஊரில் ஒரு பெண்ணுக்கு மனச்சோர்வு வந்தால், அதை அவள் அந்தப் பெயரால் சொல்வது அரிது. “கை கால் ஓய்ச்சலா இருக்கு, தலை கனக்குது, சோறு இறங்கல, விடியக்காலம் ரெண்டு மணிக்கே முழிப்பு வந்துடுது” என்பாள். நண்டு வாங்க வியாபாரி வந்து நின்றாலும் எழுந்து போக மனம் வராது. வீட்டில் சிலர் சோம்பல் என்பார்கள். இரக்கப்படுகிறவர்கள் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று கயிறு மந்திரித்துக் கட்டுவார்கள். மருத்துவரிடம் போனால் உடம்பு வலியைத்தான் சொல்வாள். அதனால் வலி மாத்திரையோடும் சத்து மாத்திரையோடும் திரும்பி வருவாள். பெங்களூருவின் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16இல் நடத்திய தேசிய மனநல ஆய்வு, நாட்டில் மனச்சோர்வு உள்ள 100 பேரில் சுமார் 85 பேருக்குச் சிகிச்சையே கிடைக்கவில்லை என்று கண்டது. இந்தப் பெண் அந்த 85 பேரில் ஒருத்தி.

மனநலச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது ராமநாதபுரம் மாவட்டம் ஒரு துயரத்தைத் தாண்டிப் போக முடியாது. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில், மனநோய் தீரும் என்று ஏர்வாடி தர்காவை நம்பி வந்தவர்களைத் தங்கவைத்திருந்த ஒரு தனியார் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்தது. உள்ளே இருந்தவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தார்கள். 28 பேர் இறந்தார்கள். அங்கே இருந்தவர்களின் நோய் பலவகைப்பட்டது, மனச்சோர்வு மட்டுமல்ல. ஆனால் அந்தத் தீயின் வெளிச்சத்தில்தான் உச்ச நீதிமன்றமும் அரசுகளும் நாடெங்கும் உள்ள மனநலக் காப்பகங்களைத் திரும்பிப் பார்த்தன. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோய் உள்ளவரை எந்த வகையிலும் சங்கிலியிடக் கூடாது என்று தடை செய்கிறது.

அதன்பின் ஏர்வாடியில் நடந்த இன்னொரு காரியமும் சொல்லப்பட வேண்டியது. குஜராத்தின் மீரா தாத்தார் தர்காவில் தொடங்கிய ‘தவா-துவா’ முறை, அதாவது மருந்தும் பிரார்த்தனையும் என்ற ஏற்பாடு, ஏர்வாடிக்கும் வந்தது. தர்காவுக்கு வருகிறவரிடம் பிரார்த்தனையை விட்டுவிடு என்று மருத்துவர் கேட்பதில்லை. தர்காவைச் சேர்ந்தவர்களே நோயாளியை மருத்துவரிடம் அனுப்பிவைக்கிறார்கள். நம்பிக்கையைப் பறிக்காமல் சிகிச்சையைக் கொண்டுபோய்ச் சேர்க்கும் அந்த அணுகுமுறை, இந்தக் கரைக்கு மிகவும் பொருந்தியது.

மனச்சோர்வுக்கு இன்று இருக்கும் முக்கியமான சிகிச்சைகள் இரண்டு. ஒன்று மாத்திரை. மற்றொன்று பேச்சு வழியாகச் செய்யப்படும் உளவியல் சிகிச்சை. பல வீடுகளில் இது அல்லது அது என்ற வழக்காகவே பேசப்படுகிறது. “மாத்திரை சாப்பிட்டா அடிமையாயிடுவோம்” என்கிறது ஒரு பக்கம். “பேசினா நோய் போயிடுமா?” என்கிறது மறுபக்கம். இரண்டு பேச்சுக்கும் இடையில் தவிப்பது நோயாளிதான்.

இந்த வழக்கைச் சோதித்துப் பார்த்த ஒரு பெரிய ஆய்வு அமெரிக்காவில் நடந்து 2000ஆம் ஆண்டில் வெளியானது. நெடுநாள் மனச்சோர்வு கொண்ட 681 பேரை மூன்று பிரிவாக்கினார்கள். 12 வாரம் கழித்துப் பார்த்தபோது, மருந்து மட்டும் பெற்றவர்களில் 48 விழுக்காட்டினருக்கு நல்ல முன்னேற்றம். உளவியல் சிகிச்சை மட்டும் பெற்றவர்களிலும் அதே 48. இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 73. அந்த ஆய்வில் பயன்படுத்திய நெஃபசோடோன் என்ற மருந்து, கல்லீரலைப் பாதித்ததால் பின்னாளில் பல நாடுகளில் விலக்கிக்கொள்ளப்பட்டது. ஆனால் வேறு மருந்துகளோடு பிறகு நடந்த பல ஆய்வுகளும், நடுத்தரமான, கடுமையான மனச்சோர்வுக்கு இரண்டும் சேர்வதே மேல் என்ற பக்கம்தான் சாய்கின்றன. லேசான மனச்சோர்வுக்குப் பெரும்பாலும் பேச்சு சிகிச்சையே போதும்.

ஏன் அப்படி? ஃப்ளூக்செடின், எஸ்சிடலோபிராம் போன்ற மாத்திரைகள் போட்ட அன்றே வேலை செய்வதில்லை. குணம் தெரிய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். குமட்டல், தலைபாரம் போன்ற தொந்தரவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலர் மருந்தைத் தூக்கிப்போடுவது இந்த இடைவெளியில்தான். “இது சில நாளில் அடங்கும், நிறுத்திடாதீங்க” என்று வாரம் ஒருமுறை சொல்ல ஒருவர் இருந்தால், முதலில் பார்த்த அந்தக் கடற்கரைப் பெண் தொடர்வாள். மாத்திரையால் தூக்கமும் பசியும் திரும்பிய பிறகு, ஆலோசகர் சொல்வதைக் காதில் வாங்கும் தெம்பு அவளுக்கு வரும். ஒன்று மற்றொன்றுக்கு வழி திறக்கிறது.

பேச்சு சிகிச்சை என்றால் ஆறுதல் வார்த்தை அல்ல, அறிவுரையும் அல்ல. அதில் ஒரு முறை மிகவும் எளியது. எந்தெந்த வேலையை விட்டுவிட்டாள், யார் யாரைப் பார்ப்பதை நிறுத்திவிட்டாள் என்று ஆலோசகர் அவளோடு சேர்ந்து பட்டியல் போடுவார். இந்த வாரம் அதில் ஒன்றே ஒன்று: பக்கத்து வீட்டுத் திண்ணையில் கால் மணி நேரம், அல்லது மகளிர் குழுக் கூட்டம். மனம் தெளிந்த பிறகு செய்யலாம் என்று காத்திராமல், செய்யச் செய்ய மனம் தெளியும் என்ற கணக்கில் நடப்பது அது. கணவர் குடித்துவிட்டு அடிக்கிறார் என்றால், கடன்காரர் வாசலில் நிற்கிறார் என்றால், அதையும் அங்கே பேசியாக வேண்டும். மாத்திரை கடனை அடைக்காது.

இதற்கெல்லாம் கிராமத்தில் ஆள் ஏது என்ற கேள்வி நியாயமானது. கோவாவில் மருத்துவர் விக்ரம் படேல் குழுவினர் அதற்கு ஒரு விடை தேடினார்கள். ‘மானஸ்’ என்ற அந்த ஆய்வில், மருத்துவப் படிப்பில்லாத உள்ளூர்க்காரர்களுக்குப் பயிற்சி தந்து ஆலோசகர்களாக்கினார்கள். மருந்தை மருத்துவர் எழுதினார், பேச்சு சிகிச்சையையும் தொடர் கவனிப்பையும் அவர்கள் பார்த்துக்கொண்டார்கள். முடிவுகள் 2010இல் லான்செட் இதழில் வந்தன. அரசு சுகாதார நிலையங்களில், மனச்சோர்வும் பதற்றமும் கொண்டவர்களில் ஏறக்குறைய 66 விழுக்காட்டினர் ஆறு மாதத்தில் மீண்டார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் மீண்டவர்கள் 42.5 விழுக்காடு. தனியார் மருத்துவர்களின் கிளினிக்குகளில் அப்படியொரு வேறுபாடு தெரியவில்லை. ஏழைகள் வரும் இடத்தில்தான் அந்த முறை பலன் தந்தது. கிராமந்தோறும் மகளிர் குழுக்களும் கிராம சுகாதாரச் செவிலியர்களும் இருக்கும் தமிழ்நாட்டில் இதைச் செய்ய முடியாது என்று யாரும் சொல்ல முடியாது.

வீட்டில் யாருக்காவது தொடக்கத்தில் சொன்ன அறிகுறிகள் இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால், ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகலாம். மருந்து எழுதும் மருத்துவரிடம், பேசுவதற்கு ஆலோசகர் யார், அடுத்து எப்போது வர வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். முன்பு எப்போதாவது அளவு மீறிய உற்சாகமும் தூக்கமே தேவைப்படாத நாட்களும் இருந்திருந்தால் அதையும் சொல்லுங்கள், மருந்தே மாறக்கூடும். 25 வயதுக்கு உட்பட்டவர்களை மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்கள் உடனிருந்து கவனியுங்கள். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் மருந்து தொடர வேண்டும்; நிறுத்துவதை மருத்துவர் படிப்படியாகச் செய்வார்.

சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறவர்கள் இந்த இரவிலேயே பேசலாம். எண் 14416. ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை, 24 மணி நேரமும், கட்டணம் இல்லாமல், தமிழில். இன்னொரு முறை சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள்: ஒன்று, நான்கு, நான்கு, ஒன்று, ஆறு.