முதியவர் மௌனமும் சலரோகமும்



வயது போனால் மனமும் சோரும் என்பது நம்மிடையே நெடுங்காலமாக வேரூன்றிய எண்ணமாகும். உத்தியோகத்திலிருந்து இளைப்பாறிய ஒருவர் கலகலப்பை இழந்து, படலையைத் தாண்டாது, சாய்மனைக் கதிரையிலேயே பொழுதைக் கழிப்பாராயின், "அவருக்கு வயது போய்விட்டது" என்று கூறி வீட்டார் அமைந்துவிடுகின்றனர். அவ்வாறு அமைந்துவிடலாகாது. முதுமை வேறு, மனச்சோர்வு என்னும் நோய் வேறு. அந்நோய் பல வேளைகளில் தனித்து வருவதுமில்லை. சலரோகம், இரத்த அழுத்தம், வயிற்றுப் பருமன் ஆகியவற்றோடு கைகோத்தே வருகின்றது.

இத்தொடர்பு இன்று நேற்று உணரப்பட்டதன்று. பதினேழாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஆங்கில வைத்தியர் தோமஸ் வில்லிஸ், நீடித்த துயரம் சலரோகத்தை விளைவிக்கும் எனக் கருதினார். இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டதோ 1921 ஆம் ஆண்டிலேயாம். ஆயினும் அவர் ஊகம் முற்றிலும் பிழையன்று. பல ஆய்வுகளைத் தொகுத்து நோக்கி 2008 ஆம் ஆண்டில் அறிஞர் வெளியிட்ட முடிவின்படி, மனச்சோர்வுற்றோர்க்குப் பின்னாளிற் சலரோகம் உண்டாகும் வாய்ப்பு ஏனையோரினும் ஏறத்தாழ 60 சதவீதம் அதிகம். சலரோகமுடையோர்க்கு மனச்சோர்வு உண்டாகும் வாய்ப்பு ஏறத்தாழ 15 சதவீதம் அதிகம். ஒன்று மற்றொன்றுக்கு வழிதிறந்து விடுகின்றது.

அஃது எவ்வாறு? வயிற்றைச் சூழ்ந்து கொழுப்பு மிகும்போது, இன்சுலினின் ஏவலுக்கு உடல் செவிசாய்ப்பது குறைகின்றது. அக்கொழுப்பிலிருந்து அழற்சியைத் தூண்டும் பொருள்கள் இரத்தத்திற் கலக்கின்றன. காலப்போக்கில் நுண்ணிய இரத்தக் குழாய்களும் பழுதடைகின்றன. உடல் செலவிடும் சக்தியில் ஐந்திலொரு பங்கைத் தானே கொள்ளும் மூளை இவற்றால் தாக்குறுவது வியப்பன்று. மறுபுறம், நீடித்த மனச்சோர்வினாற் கோட்டிசோல் என்னும் ஓமோன் மிகுந்து, இரத்தத்திலுள்ள சீனியை உயர்த்தவும் கூடும். இவற்றுக்கு மேலாக, மனமுடைந்தவர் நடக்க மாட்டார், நேரத்திற்கு உண்ணார், குளிசையை மறப்பார், சிலர் புகையையும் மதுவையும் நாடுவர். நோய் வளர வேறென்ன வேண்டும்?

ஆண்களிடத்தில் இந்நோயைக் கண்டறிதல் அரிது. "என் மனம் சரியில்லை" என்று வாய்திறந்து சொல்ல அவர்கள் கூசுவர். பாடசாலை மணியோசையோடு முப்பதாண்டு வாழ்ந்து இளைப்பாறிய ஆசிரியர் பலரை நான் அறிவேன். ஊரை நடத்தியவர்கள் தம் துயரை உரைப்பதில்லை. அது முன்கோபமாகவும், நித்திரையின்மையாகவும், காரணந் தெரியாத உடல்வலியாகவும் வெளிப்படும். வாசிகசாலைக்கும் கோயிலுக்கும் போவது நின்றுவிடும். "வாழ்ந்தது போதும்" என்னும் சொல்லைக் கிழவர் வழக்கமாகச் சொல்வது எனத் தள்ளிவிடுதல் பேராபத்தாகும். அன்றைக்கே வைத்தியரை நாடவேண்டும்; 1926 என்னும் தேசிய மனநலத் தொலைபேசி இலக்கத்தையும் அழைக்கலாம்.

நாம் செய்யக்கூடியவை எளியவை. ஓர் அளவுநாடாவை எடுத்து இடுப்பின் சுற்றளவைப் பாருங்கள். தெற்காசிய ஆண்களுக்கு அது 90 சென்ரிமீற்றருக்குக் குறைவாய் இருத்தல் நன்று. தொற்றாநோய்களைக் கண்டறிவதற்கென 2011 ஆம் ஆண்டிலிருந்து அரசாங்க வைத்தியசாலைகளில் நிறுவப்பட்டுள்ள நிலையங்களிற் சீனியின் அளவையும் இரத்த அழுத்தத்தையும் இலவசமாகப் பார்த்துக்கொள்ளலாம். அத்துடன் இரண்டு கேள்விகள்: கடந்த இரு வாரங்களாக மனம் சோர்ந்திருந்ததா? முன்பு விரும்பிய கருமங்களில் நாட்டம் குறைந்ததா? ஒன்றுக்கேனும் "ஆம்" என்பது விடையாயின், அதனை வைத்தியரிடம் மறையாது கூறுக. சீனிக்கு மருந்துண்பதால் மட்டும் மனச்சோர்வு தீர்ந்துவிடாது. மனச்சோர்வுக்குரிய மருந்துகளிற் சில உடல் நிறையைக் கூட்டவும் செய்யும். ஆதலின் இரண்டையும் ஒரே வைத்தியர் அறிந்திருத்தல் அவசியம்.

வாரத்தில் 150 நிமிட நடை உடலுக்கும் உள்ளத்துக்கும் ஒருங்கே நன்மை தரும். துணையோடு நடப்பின் பேச்சும் கிடைக்கும்; தனிமையும் நீங்கும்.

"அப்பா, குளிசை போட்டீர்களா?" என்று நாள்தோறும் கேட்கும் பிள்ளைகள் நம் நாட்டிற் பலர். "அப்பா, மனம் எப்படியிருக்கிறது?" என்றும் அவர்கள் கேட்பார்களாக. கேட்டபின், விடை வரும்வரை அருகில் அமர்ந்திருப்பார்களாக.