ஒளிராதவற்றையும் எண்ணும் ஒளி

(வெள்ளிவிழா அரங்கில் தலைமையாசிரியர் ஆற்றிய உரை)

 

நமக்குப் பழக்கமான குழல்விளக்கிலிருந்து தொடங்குவோம். அதனுள் சிறிதளவு பாதரச ஆவி உள்ளது. மின்சாரம் பாயும்போது எலக்ட்ரான்கள் அணுக்களை மோதுகின்றன. மோதுண்ட அணு ஆற்றல் பெற்றுக் கிளர்வுறுகிறது. அவ்வாற்றல் புறஊதா ஒளியாக வெளிப்பட, குழாயின் உட்பூச்சு அதனை வெண்ணொளியாக்குகிறது. இதுவே மின்னிறக்கம்.

சூடான வாயுவில் எத்தனை பங்கு அணுக்கள் எலக்ட்ரானை இழந்திருக்கும்? இவ்வினாவிற்கு 1920 இல் சமன்பாடு தந்தவர் மேகநாத் சாஹா. டாக்கா அருகே ஒரு சிற்றூரில், சிறு கடைக்காரரின் மகனாக 1893 இல் பிறந்தவர். கல்கத்தா விடுதியில் சாதியின் பெயரால் அவருடன் உண்ண மறுத்தோர் உண்டு. விண்மீன்களின் ஒளியைப் படித்தறியும் வழியை உலகிற்குத் தந்தவர் அவரே.

ஆயின் மின்னிறக்கக் குழாயில் அச்சமன்பாடு மட்டும் போதாது. அங்கே எலக்ட்ரான்கள் கடுஞ்சூடாகவும் வாயு அதைவிட மிகக் குளிர்ந்தும் இருக்கும். ஆகவே நேரில் எண்ணியாக வேண்டும். வெளிவரும் ஒளியைக் கொண்டு மட்டும் எண்ணலாமா? இயலாது. கிளர்வுற்ற நைட்ரஜன் மூலக்கூறுகளுள் பல, ஒளிராமலே ஆற்றலைத் தாங்கி நிற்பவை.

இதற்கு வழி உட்கவர்தல். ஒவ்வொரு நிலையிலுள்ள மூலக்கூறும் தனக்குரிய அலைநீள ஒளியை மட்டுமே கவரும். அவ்வலைநீளத்திற்கு இசைவித்த லேசர்க் கற்றையைக் குழாயுள் செலுத்துகின்றனர். 100 பங்கு சென்று 97 பங்கு வெளிவந்தால், குறைந்த 3 பங்கே சாட்சி. குழாயின் நீளமும் மூலக்கூறின் கவரும் திறனும் தெரிந்தால் எண்ணிக்கை கிடைத்துவிடும்.

இதனால் என்ன பயன்? மராட்டிய மாநிலத்துப் பாராமதியில் பிறந்த குமார் படேல், 1964 இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் கார்பன் டை ஆக்சைடு லேசரை உருவாக்கினார். அதில் ஒளிராத நைட்ரஜனே தன் ஆற்றலைக் கார்பன் டை ஆக்சைடிற்கு ஈந்து ஒளிரச் செய்கிறது. இரும்புத் தகட்டை அறுக்கவும் அவ்வகை லேசர் பயன்படுகிறது. பின்வந்த ஆய்வாளர்கள் இவ்வுட்கவர் முறையால், ஒவ்வோர் அதிர்வு நிலையிலும் எத்தனை கார்பன் டை ஆக்சைடு மூலக்கூறுகள் உள்ளன என அளந்தனர்.

இளைஞர்களே! மதிப்பெண் பட்டியலில் ஒளிர்ந்தவரை மட்டும் எண்ணி, "அறிவியல் பிரிவு உனக்கு எட்டாது" என்று பிள்ளைகளைத் திருப்பியனுப்பிய ஆசிரியர்களுள் நாமும் ஒருவராக இருந்தோம். அப்பிழையை இம்மேடையில் ஒப்புக்கொள்கிறோம். ஒளிராதிருப்பது ஆற்றலின்மை ஆகாது.

பழைய குறுந்தகடும் அட்டைப்பெட்டியும் இருந்தால் நிறமாலைகாட்டி செய்யலாம். குழல்விளக்கின் பாதரசக் கோடுகள் அதில் தெரியும். வரும் விடுமுறையில் நம் தெருக்கள்தோறும் அதைச் செய்து காட்டுவோம். யாரையும் எண்ணாமல் விடோம்.