கொல்லைப்புற அடுப்படிக்கு வெளிச்சம்



விடியற்காலை நான்கு மணிக்குத் தோட்டத்தில் யார் விழித்திருக்கிறார்கள் என்று கேட்டால், பதிலுக்கு யோசிக்க வேண்டியதில்லை. அடுப்பு மூட்டும் தாய்மார்கள்தாம். பெரட்டுக்குப் போகுமுன் பசியாறல் ஆக வேண்டும். மதியச் சோறு தூக்குச்சட்டியில் ஏற வேண்டும். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கும் ஏதாவது கட்டிக் கொடுக்க வேண்டும். இத்தனையும் இருட்டில் நடக்கிற வேலை. வீட்டுக்குள் கேஸ் அடுப்பு இருந்தாலும், கருவாடு பொரிப்பது, மீன் கழுவுவது, விசேஷ நாளில் அண்டா ஏற்றுவது எல்லாம் பல வீடுகளில் கொல்லைப்புறக் கொட்டகையில்தான். புகையும் வாடையும் வீட்டுக்குள் வராமலிருக்க அதுவே தோது. தோட்டத்தை விட்டுத் தாமான்களுக்குக் குடிபோனவர்கள்கூடப் பின்புறத்தில் ஒரு தகரத்தை இறக்கி, அங்கே இன்னோர் அடுப்பு வைத்துக்கொள்கிறார்கள்.

அந்த அடுப்படிக்கு வெளிச்சம் எப்படி இருக்கிறது? அதைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறோம்.

பெரும்பாலும் நாம் காண்பது இதுதான்: பின்வாசல் நிலைக்கு மேலே ஒற்றை விளக்கு. அடுப்போ கொட்டகையின் கோடியில். சமைக்கிறவர் வாசலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறார். வெளிச்சம் முதுகில் விழுகிறது; நிழல் சட்டியில் விழுகிறது.

எங்கள் வீட்டிலும் வெகுகாலம் இப்படித்தான் இருந்தது. ஒருநாள் அதிகாலையில் எங்கள் அம்மா வெங்காயம் நறுக்கும்போது விரலையும் சேர்த்து நறுக்கிக்கொண்டார். உடனே நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? வாசலில் இருந்த 40 வாட்டு பல்பைக் கழற்றிவிட்டு 100 வாட்டு பல்பை மாட்டினோம். முற்றம் பளிச்சென்று ஆனது. பலகையில் விழுந்த நிழல் மட்டும் இன்னும் கறுத்தது. அம்மாதான் கடைசியில், “விளக்கைப் பெரிசாக்க வேணாம்பா, முன்னுக்குக் கொண்டு வாங்க” என்றார். அதைச் சொல்ல வேண்டிய ஆளிடம் முதலிலேயே கேட்காமல் போனோமே என்று எங்களுக்கு வெட்கமாகிவிட்டது.

விளக்கை எங்கே தொங்கவிடுவது என்பதைக் கண்டுபிடிக்க ஒரு டார்ச் லைட்டும் ஒரு பிள்ளையும் போதும். இருட்டிய பிறகு, சமைக்கிறவர் வழக்கம்போல் பலகைக்கு முன்னால் கத்தியோடு நிற்கட்டும். பிள்ளை டார்ச்சைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, இப்படியும் அப்படியும் நகர்த்தட்டும். எந்த இடத்தில் பிடிக்கும்போது பலகையிலும் சட்டிக்குள்ளும் நிழல் விழவில்லையோ, அந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஓர் அடையாளம் போடுங்கள். வலக்கையால் நறுக்குகிறவருக்கு அது பெரும்பாலும் முன்புறத்தில் சற்று இடப்பக்கமாக அமையும். இடக்கைப் பழக்கமுள்ளவருக்கு வலப்பக்கமாக அமையும். ஆனால் அடுப்புக்கு நேர்மேலே வேண்டாம். ஆவியும் எண்ணெய்ப் புகையும் விளக்கில் படியும். இப்போதைய எல்.இ.டி. விளக்குகளுக்குச் சூடு ஆகாது, சீக்கிரம் கெட்டுப்போகும். விளக்குக்கு ஒரு மூடி போட்டு, ஒளி கீழே விழும்படி செய்தால் கண் கூசாது.

இன்னொன்று. புகை படிந்த கறுப்புத் தகரமும் கறுப்புச் சுவரும் வெளிச்சத்தை விழுங்கிவிடும். அடுப்புக்குப் பின்னால் உள்ள சுவருக்கு ஒரு தடவை வெள்ளைச் சுண்ணாம்பு அடித்துப் பாருங்கள். அதே விளக்கு இரண்டு மடங்கானதுபோல் தோன்றும்.

செலவைப் பற்றிக் கவலை வேண்டாம். பழைய 60 வாட்டு பல்பு தந்த வெளிச்சத்தை இப்போது ஏறக்குறைய 9 வாட்டு எல்.இ.டி. விளக்கு தந்துவிடுகிறது. நாளொன்றுக்கு 4 மணி நேரம் எரித்தால், பழைய பல்புக்கு 30 நாளில் 7.2 யூனிட் ஆகும். எல்.இ.டி.க்கு 1 யூனிட்டுக்குச் சற்றே அதிகம். ஆகவே பலகைக்கு ஒன்று, வாசல்படிக்கு ஒன்று என இரண்டு சிறிய விளக்குகள் வைத்தாலும் பழைய செலவில் மூன்றில் ஒரு பங்கு கூட வராது.

வாங்கும்போது நிறத்தையும் கவனியுங்கள். நீலம் கலந்த வெள்ளை ஒளியைவிட மஞ்சள் ஒளிக்குப் பூச்சிகள் குறைவாக வரும். மழை விட்ட மாலையில் ஈசல் கிளம்பிக் குழம்பில் விழுகிற கூத்து நமக்குத் தெரியாததா? அடுப்படிக்கு மஞ்சள் விளக்கைப் போட்டுவிட்டு, வெள்ளை விளக்கு ஒன்றைக் கொட்டகைக்குத் தள்ளி வேலியோரம் எரியவிட்டால், ஈசலில் பெரும்பகுதி அங்கே போய்விடும்.

வேலியோரம் என்றதும் விறகுக் கட்டு நினைவுக்கு வருகிறது. செம்பனைத் தோட்டத்தில் எலி அதிகம். எலி இருக்கும் இடத்துக்கு நாகம் வரும். விறகு எடுக்கக் குனிகிற இடத்திலும், கால்வாயைத் தாண்டுகிற இடத்திலும் வெளிச்சம் கட்டாயம் வேண்டும். அந்த இடத்துக்கு வயர் எட்டாவிட்டால் சூரிய ஒளி விளக்கு ஒன்று வைக்கலாம். ஆனால் அதன் பலகை மர நிழலில் இருக்கக்கூடாது. பகலில் வெயில் படாவிட்டால் இரவில் எரியாது.

இனி மிக முக்கியமான விஷயத்துக்கு வருவோம். வீட்டுக்குள் உள்ள பிளக்கில் ஒரு நீள வயரைச் சொருகி, சன்னல் வழியாக வெளியே இழுத்து, தகரத்தின்மேல் போட்டு விளக்குக் கட்டியிருக்கிறார்களே, அதைப் பார்த்தால் நெஞ்சு பதைக்கிறது. காற்றில் தகரம் ஆடும்போது அதன் விளிம்பு வயரை அறுக்கும். உறை கிழிந்தால் 230 வோல்ட்டு மின்சாரம் கூரை முழுவதும் பாயும். இரும்புத் தூணிலும் பாயும். கீழே ஈரத்தரை, வெறுங்கால், நனைந்த கை. அந்தத் தூணைத் தொட்டுக்கொண்டு நிற்பது யார் என்று எண்ணிப் பாருங்கள்.

ஆகவே வெளி விளக்குக்குத் தனி வயர், குழாய்க்குள் போக வேண்டும். எரிசக்தி ஆணையத்தில் பதிவு பெற்ற வயர்மேனைக் கொண்டுதான் செய்ய வேண்டும். “என் மச்சானுக்குக் கொஞ்சம் கைவேலை தெரியும்” என்பது இங்கே உதவாது. சுவிட்சை வீட்டுக்குள், பின்வாசலுக்குப் பக்கத்தில், கை கழுவும் இடத்துக்குத் தள்ளி வைக்கச் சொல்லுங்கள். பொருள்களில் சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கொட்டகை விளக்கு ஐ.பி. 44 என்ற குறியாவது உள்ளதாக இருக்கட்டும். நீர் தெறித்தால் தாங்கும் என்பது அதன் பொருள். நேரடியாக மழை அடிக்கும் இடத்துக்கு ஐ.பி. 65 நல்லது.

மெயின் பெட்டியில் மின்கசிவைக் கண்டதும் துண்டிக்கும் கருவி இருக்கிறதா என்றும் வயர்மேனிடம் கேளுங்கள். ஈரமான இடத்துக்கு 10 மில்லி ஆம்பியர் அல்லது அதற்கும் குறைந்த கசிவிலேயே துண்டிப்பது வேண்டும். அதில் ‘டி’ என்ற எழுத்துள்ள பொத்தான் இருக்கும். மாதம் ஒருமுறை அதை அழுத்திப் பாருங்கள். மின்சாரம் உடனே நின்றால் கருவி வேலை செய்கிறது. நிற்காவிட்டால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

நிர்வாகம் கொடுத்த வீடாக இருந்தால் நாமே வயர் இழுக்கக்கூடாது. அலுவலகத்தில் கேட்க வேண்டும். கேட்பதற்குத் தயங்க வேண்டாம். ஒரு காலத்தில் பல தோட்டங்களில் தோட்டத்து இயந்திரம் ஓடுகிற சில மணி நேரம்தான் விளக்கு. இயந்திரம் நின்றதும் மண்ணெண்ணெய் விளக்கை ஏற்றிக்கொண்டோம். தொழிலாளருக்குக் கொடுக்கும் வீட்டில் போதிய மின்சார வசதி இருக்க வேண்டும் என்பதை 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீட்டு வசதிச் சட்டம் முதலாளியின் கடமையாகவே வைத்திருக்கிறது. பழுதான வயர், ஒழுகும் கூரைக்கடியில் சுவிட்சு, இவற்றை எழுத்தில் கொடுத்து, ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். தொழிற்சங்கத் தலைவரிடமும் சொல்லி வையுங்கள்.

கொட்டகையில் கேஸ் சிலிண்டர் இருந்தால் இன்னும் ஒரு வார்த்தை. கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோரமாகவே தேங்கும். ஆகையால் சிலிண்டருக்குப் பக்கத்தில், தாழ்வான இடத்தில், பிளக்கோ சுவிட்சோ வேண்டாம். விடியற்காலையில் பின்கதவைத் திறக்கும்போது கேஸ் வாடை அடித்தால், விளக்கைப் போடவும் கூடாது, எரிகிற விளக்கை அணைக்கவும் கூடாது. இரண்டிலும் சுவிட்சுக்குள் பொறி எழும். சிலிண்டர் வாயை மூடிவிட்டு, கதவு சன்னலைத் திறந்துவைத்து, வாடை போகும்வரை எல்லாரும் தள்ளி நில்லுங்கள்.

மின்சாரம் போகிற நாளுக்கென்று டார்ச் லைட் ஒன்றைப் பின்வாசல் ஆணியில் மாட்டி வையுங்கள். மெழுகுவத்தியோடு கேஸ் பக்கம் போக வேண்டாம். அந்த டார்ச்சை ஈசல் பிடிக்கப் பிள்ளைகள் எடுத்துக்கொண்டு ஓடாமல் பார்த்துக்கொள்வது உங்கள் பாடு.