அவள் உண்மை முழுவதையும் சொன்னாள்



பன்னிரண்டு ஆண்டுகளாக இரத்தப்போக்கினால் வருந்திய பெண்ணை மாற்கு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் சந்திக்கிறோம். மருத்துவர் பலரிடம் போனாள், கைப்பொருள் கரைந்தது, நோய் முற்றியதுதான் மிச்சம் என்கிறார் மாற்கு. லூக்கா இதே நிகழ்ச்சியை எழுதும்போது மருத்துவர் மீதான குறையைச் சற்று மென்மையாக்குகிறார். அவரும் மருத்துவராயிற்றே!

அவள் ஏன் பின்னால் வந்து தொட்டாள்? லேவியர் சட்டப்படி அவள் தீட்டுள்ளவள். வாய்விட்டுச் சொல்ல முடியாத நோய். நம் மண்ணச்சநல்லூரிலும் அப்படித்தான். மாதவிலக்கு நின்று சில ஆண்டுகள் கழித்து மறுபடி உதிரம் பட்டால், உடம்புச் சூடு என்று மோர் குடிப்பார்கள். மகனிடம் சொல்லக் கூச்சம். நம்மிடம் வந்து செபிக்கச் சொல்வார்கள். எதற்கென்று சொல்ல மாட்டார்கள்.

நின்ற பிறகு படும் உதிரம் ஒரு துளியானாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும். பெரும்பாலும் அது புற்றுநோயாக இராது. ஆனால் கருப்பையின் உட்சுவரில் வரும் புற்றுநோய் தன்னை முதலில் காட்டுவது பெரும்பாலும் இப்படித்தான். கருப்பையைத் தாண்டுமுன் கண்டுபிடித்தால், அறுவை சிகிச்சையால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள்.

கருப்பை வாய்ப் புற்றுநோயையோ அறிகுறி தோன்றுமுன்பே கண்டுபிடிக்கலாம். ஒட்டன்சத்திரம் அருகே அம்பிளிக்கையில் உள்ள கிறிஸ்தவ நல்வாழ்வு மையத்தின் துணையோடு, 2000 முதல் திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் 31,000க்கும் மேற்பட்ட பெண்களைப் பயிற்சி பெற்ற செவிலியர்கள் பரிசோதித்தார்கள். பெரிய கருவி ஒன்றுமில்லை. வினிகரில் இருக்கும் அமிலத்தைத் தடவிக் கண்ணால் பார்ப்பதுதான். பரிசோதனை நடந்த ஊர்களில் இந்நோயால் ஏற்படும் இறப்பு 35 விழுக்காடு குறைந்ததென 2007இல் ஆய்வு வெளிவந்தது. மருத்துவரும் கடவுளின் படைப்பே என்று சீராக்கின் ஞானம் சொல்வதை இங்கே கண்ணால் காண்கிறோம்.

நம் பங்கிலும் சிகிச்சை பெற்றுப் பிழைத்தவர்கள் உண்டு. நன்றித் திருப்பலிக்குக் கருத்து எழுதித் தந்த ஒரு தாய், 'உடல் நலம்' என்று மட்டும் எழுதியிருந்தார். நலமான பிறகும் நோயின் பெயரை எழுத மனம் வரவில்லை.

இயேசு யாயீரின் வீட்டுக்கு அவசரமாகப் போய்க்கொண்டிருந்தார். சிறுமி சாகும் தறுவாயில் இருந்தாள். ஆனாலும் நின்றார். கூட்டத்தின் நடுவே அவள் உண்மை முழுவதையும் சொல்லும்வரை கேட்டார். மகளே என்று அழைத்தார்.

இன்று இரவு உங்கள் அம்மாவிடம், மாமியாரிடம் கொஞ்சம் உட்கார்ந்து கேளுங்கள். 30 வயது கடந்த பெண்களுக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் கருப்பை வாய்ப் பரிசோதனை இலவசம். துணைக்கு ஒருவர் கூடப் போய்வாருங்கள்.