சமயம் தனி, குடும்பச் சட்டம் எது?

(மகாவீரர் ஜெயந்தி விழாவில், படப்பையில் நிகழ்த்தப்பெற்ற உரை)



மனமொத்துப் பிரிய விரும்பிய சமணத் தம்பதியர் இந்து திருமணச் சட்டத்தின்கீழ் மணவிலக்குக் கோர இயலாது என்று 2025 பிப்ரவரியில் இந்தூர் குடும்ப நீதிமன்றம் கூறியது. 2014இல் சமணர் சிறுபான்மைச் சமயத்தாராக அறிவிக்கப்பட்டதே காரணம். அடுத்த மாதமே மத்தியப் பிரதேச உயர் நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கியது. 1955ஆம் ஆண்டுச் சட்டத்தின் 2ஆம் பிரிவு பௌத்தரையும் சமணரையும் சீக்கியரையும் பெயர் சொல்லியே உள்ளடக்கியுள்ளது. சிறுபான்மை அறிவிப்பு அதனை மாற்றவில்லை.

சமணம் தனிச் சமயமே. சமணர் இந்து சமயத்தினின்று பிரிந்தவர் அல்லர் என்னும் கருத்தை 1927இலேயே சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி குமாரசுவாமி சாஸ்திரியார் வெளியிட்டார். பெருமைக்குரியதுதான். எனினும் அதனைக் காட்டி மகளின் பங்கை மறுக்க இயலாது. 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டமும் சமணரைப் பெயர் சொல்லியே சேர்த்துள்ளது.

படப்பையில் இது வெறும் ஏட்டுச் செய்தி அன்று. ஒரகடத்தில் ஆலைகள் எழுந்தபின், ஏர் உழுத நிலம் சதுர அடிக் கணக்கில் விலை பேசப்படுகிறது. தந்தை மறைந்தபின் நிலத்தை விற்க முனையும்போதுதான் மணமாகிச் சென்ற சகோதரியின் நினைவு வருகிறது. "சீர் எல்லாம் செய்தாயிற்று, விடுதலைப் பத்திரத்தில் ஒரு கையெழுத்துப் போடம்மா" என்பர். சீர் வேறு, வாரிசுரிமை வேறு.

கூட்டுக் குடும்பச் சொத்தில் மணமாகாத மகளிர்க்குப் பிறப்பாலேயே சமபங்கு தந்தது தமிழ்நாடு, 25.3.1989 முதல் அது நடைமுறை. மணமானவர், ஆகாதவர் என்ற வேறுபாட்டை 2005ஆம் ஆண்டு மத்தியத் திருத்தம் அகற்றியது. அத்திருத்தம் நடைமுறைக்கு வந்த 9.9.2005 அன்று தந்தை உயிருடன் இருந்திருக்க வேண்டியதில்லை என 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. 20.12.2004க்கு முன் பதிவான பாகப்பிரிவினைகள் கலையா. தந்தையின் சுயசம்பாத்தியமோ, உயில் இல்லையேல் மனைவி, மகன், மகள், தாய் ஆகியோர்க்குச் சமமாகச் சேரும்.

உயில் எழுதத் தயங்குவோர் மிகப் பலர். அதனை அமங்கலமென்று கருதுவோரும் உளர். இல்லறத்தார்க்கு அருங்கலச்செப்பு கூறும் அணுவிரதங்களுள் பொருளுக்கு வரையறை செய்துகொள்வதும் ஒன்று. வரையறை செய்தவர்க்குத் தம் உடைமை இன்னதெனத் தெரியும்; அதனை எழுதிவைப்பதில் என்ன அமங்கலம்? உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டா. பதிவும் கட்டாயமன்று, ஆயினும் பதிவு நன்று. சாட்சியர் இருவர் கையொப்பம் இன்றியமையாதது. வயது முதிர்ந்தோரையே சாட்சியாக்கும் வழக்கத்தை விடுதல் நலம். பின்னாளில் நீதிமன்றம் சென்று சொல்ல அவர்களுள் ஒருவராவது இருக்க வேண்டும்.

மணவிலக்குப் பெற்றவர் தம் பழைய உயிலையும் வங்கி நியமனத்தையும் தாமே மாற்ற வேண்டும். நீதிமன்றத் தீர்ப்பு அவற்றை மாற்றித் தராது. வங்கியில் நியமிக்கப்பட்டவர் பணத்தைப் பெற்றுக்கொள்பவரே; உரிமை வாரிசுகளுக்கோ உயில்வழிப் பெறுவோர்க்கோ உரியது.

சகோதரி மனமுவந்து விட்டுக்கொடுத்தால் சட்டம் தடுப்பதில்லை. பங்கின் இன்றைய விலையை அவர்க்குச் சொல்லி, பத்திரத்தை முழுவதும் படித்துக்காட்டி, அதன்பின் பதிவு செய்க. வாய்ச்சொல்லால் நிலத்தின் பங்கு கைமாறாது.