பிணவண்டியோடு போனவர்கள்



காவலர் நினைவு நாளான அக்டோபர் 21 என்றதும், 1959-இல் லடாக்கின் ஹாட் ஸ்பிரிங்ஸில் உயிர்விட்ட பத்துக் காவலர்கள் நம் நினைவுக்கு வருகிறார்கள். வரத்தான் வேண்டும். இதே அக்டோபரில், 1918-இல், அமெரிக்காவின் பிலடெல்பியா நகரத்தில் துப்பாக்கிச் சத்தமே இல்லாமல் காவலர்கள் மாண்டார்கள். அவர்களைப் பற்றித்தான் பேச வந்தேன்.

செப்டம்பர் 28 அன்று அங்கே போர்க்கடன் பத்திர ஊர்வலம். இன்ஃப்ளுயன்சா என்னும் விஷக்காய்ச்சல் ஊருக்குள் நுழைந்துவிட்டது, நிறுத்துங்கள் என்று மருத்துவர்கள் மன்றாடினார்கள். நிறுத்தவில்லை. சுமார் இரண்டு லட்சம் பேர் திரண்டார்கள். அவ்வளவு கூட்டத்தில் காவலர் ஒதுங்கி நிற்க முடியுமா? மூன்றே நாளில் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்தன. ஆறு வாரத்தில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள்.

சவப்பெட்டி தட்டுப்பாடு. குழி வெட்ட ஆளில்லை. பிணம் வீட்டிலேயே கிடந்தது. பக்கத்துப் படுக்கையில் பிள்ளை காய்ச்சலில் அனத்திக்கொண்டிருந்தது. அந்த வீட்டுக்குள் யார் போவது? காவலர்களை அனுப்பினார்கள். கைதிகளை ஏற்றும் வண்டியில் பிணங்களை அடுக்கிக்கொண்டு தெருத்தெருவாகப் போனார்கள். வெள்ளை முகமூடியோடு அவர்கள் வருவதைக் கண்டு ஜனங்கள் ஓடினார்கள்.

அந்த முகமூடி என்ன தெரியுமா? காயத்துக்குக் கட்டுகிறோமே, அந்த வலைத்துணிதான், சில மடிப்புகள். நோய்க்குக் காரணம் பாக்டீரியா என்றே அன்றைய மருத்துவ உலகில் பலர் நம்பினார்கள். மனிதரைத் தாக்கும் இன்ஃப்ளுயன்சா வைரஸைப் பிரித்தெடுத்ததே 1933-இல்தான். வலைத்துணியின் கண்ணுக்கு முன்னால் வைரஸ் எம்மாத்திரம்! அக்டோபர் நடுப்பகுதிக்குள் 33 காவலர்கள் இறந்தார்கள். பிறகும் இறந்துகொண்டே இருந்தார்கள்.

குண்டு பட்டால் உடம்பில் தழும்பு சாட்சி சொல்லும். காய்ச்சலுக்கு ஏது சாட்சி? எந்த வீட்டில், எந்த மூச்சில் தொற்றியது என்று யார் காட்டுவது? 2020-இல் கொரோனா வந்த பிறகுதான் அமெரிக்கா ஒரு சட்டம் போட்டது: காவலர் கடைசியாகப் பணியில் இருந்த நாளிலிருந்து 45 நாளுக்குள் கொரோனா தொற்று உறுதியாகி இறந்தால், அது பணியில் நேர்ந்த மரணம் என்றே அப்போது கொள்ளப்பட்டது. நியாயமான சட்டம். நூறு வருஷத்துக்கு முன்பே வந்திருக்க வேண்டிய சட்டம்.

சற்று நேரத்தில் மெழுகுவத்தி ஏற்றப் போகிறோம். ஒன்றை அந்த 33 பேருக்காக ஏற்ற, அவையின் அனுமதி கேட்கிறேன்.